வேப்பங்கொட்டையா, எண்ணெயா, கடைப் புட்டியா? தாவரப் பூச்சிக்கொல்லிகளில் எதை எப்போது எடுப்பது

"வேப்பங்கொட்டைச் சாறு தெளித்து மூன்று நாளாகிறது. ஒரு புழுகூடச் சாகவில்லை. வேறு மருந்துக்கு மாறிவிடலாமா?" என்று ஒருவர் கேட்கிறார். "மூலிகை மருந்துதான் அடித்தேன். அரை மணி நேரத்தில் பூச்சியெல்லாம் உதிர்ந்துவிட்டது. நாளைக்கே காய் பறிக்கலாம் இல்லையா?" என்று கேட்கிறார் இன்னொருவர். முதலில் கேட்டவரின் சாறு ஒழுங்காகவே வேலை செய்துகொண்டிருக்கக்கூடும். இரண்டாமவரின் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் நான் பதில் சொல்ல மாட்டேன்.

செடியிலிருந்து எடுத்தது என்ற ஒரே உறவை வைத்து, குணத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பொருள்களை ஒரு பெயரில் அழைக்கிறோம். ஒன்று புழுவின் பசியைக் கெடுக்கிறது. இன்னொன்று சில நிமிடங்களில் அதன் நரம்பைத் தாக்கிக் கீழே தள்ளுகிறது. வேறொன்று தெளிப்பவரையே மயக்கமடையச் செய்யும். ஆகவே எந்தச் செடி நல்லது என்ற கேள்வியை ஒத்திவைத்துவிட்டு, எந்தப் பூச்சி, எந்த வயதில், எத்தனை நாள் அவகாசம் என்ற இடத்திலிருந்து தொடங்குவோம்.

## முதலில் பார்க்க வேண்டியவை

பூச்சியின் வாய். இலையைக் கடித்துத் தின்னும் புழுவா, சாற்றை உறிஞ்சும் அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி வகையா, தண்டையோ காயையோ துளைத்து உள்ளே போய்விடும் வகையா? இலையின் மேல் படியும் மருந்து, தின்னும் புழுவின் வயிற்றுக்குள் தானாகவே போகும். உறிஞ்சும் பூச்சி மேற்பரப்பைத் தின்பதில்லை. அதன் உடம்பில் மருந்து நேரடியாகப் பட வேண்டும். அதுவோ இலையின் அடியில் உட்கார்ந்திருக்கும். உள்ளே போய்விட்ட புழுவுக்கு வெளியில் எதைத் தெளித்தும் பயனில்லை.

பூச்சியின் வயது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். முட்டை பொரித்து ஓரிரு நாளான இளம்புழுவை மடக்குவது எளிது. விரல் நீளம் வளர்ந்துவிட்ட புழு இன்னும் சில நாளில் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகப் போகிறது. அதன் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தை அப்போது தெளிப்பது, ஊர்வலம் போன பிறகு தெருவை அடைப்பதைப் போல.

பொறுக்கக்கூடிய நாள்கள். பயிர் மூன்று நான்கு நாள் தாங்குமா, இன்றே நிறுத்தியாக வேண்டுமா?

கூடவே அடிபடுபவை. தேனீ, பொறிவண்டு, ஒட்டுண்ணிக் குளவி, பக்கத்துக் குளத்து மீன். இவற்றோடு தெளிப்பவரின் கண், தோல், மூச்சு.

உழைப்பும் ஒரே சீரான தரமும். வீட்டில் தயாரிப்பது மலிவு என்கிறோம். பொறுக்குவது, காயவைப்பது, இடிப்பது, வடிகட்டுவது, அடைத்துக்கொண்ட தெளிப்பானைக் கழற்றிக் கழுவுவது ஆகியவற்றுக்கான நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

## வேப்பங்கொட்டைச் சாறு

1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் ஒன்று இறங்கிப் பச்சையையெல்லாம் மொட்டையடித்தபோது, வேப்பமரங்கள் மட்டும் தப்பி நின்றதை ஹைன்ரிக் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் கவனித்தார். அதன் பின்னணியில் இருக்கும் முக்கியப் பொருளான அசாடிராக்டினை இங்கிலாந்தில் பட்டர்வொர்த், மார்கன் இருவரும் 1968இல் பிரித்தெடுத்தனர். இலை, பட்டை, பழம், விதை என எல்லாவற்றையும் வேம்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அசாடிராக்டின் மிகுதியாக இருப்பது விதைப் பருப்பில். இலையில் மிகக் குறைவு. வேப்பிலையை அண்டாவில் கொதிக்கவைத்து அந்த நீரைத் தெளிப்பவர்கள் இரண்டு தவறுகளைச் சேர்த்துச் செய்கிறார்கள். மருந்து குறைவான பாகத்தை எடுக்கிறார்கள். இருக்கும் கொஞ்சத்தையும் சூட்டில் சிதைக்கிறார்கள்.

இது புழுவை அடித்துக் கொல்லும் மருந்து இல்லை. தின்ன விடாமல் செய்கிறது. தின்றுவிட்டால், தோலுரிப்பை நடத்தும் ஹார்மோனின் ஒழுங்கைக் குலைக்கிறது. தெளித்த மூன்றாம் நாள் ஒரு கத்தரி இலையைத் திருப்பிப் பார்த்தேன். புழு உயிரோடுதான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றி இலையில் புதிய ஓட்டை ஒன்றுகூட இல்லை, எச்சமும் இல்லை. ஐந்தாம் நாள் அதே இலையில் பழைய தோல் தலைப்பக்கம் பிளந்து, வால்பக்கம் கழலாமல் சிக்கிக்கொண்டு, சட்டையைக் கழற்றப் பாதியில் கை மாட்டிக்கொண்டதைப் போலக் கிடந்தது. அருகில் இருந்த ஒரு எறும்பு அதைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. செத்த புழுவை மட்டும் எண்ணுபவர் முதல் மூன்று நாளில் ஏமாந்துதான் போவார். எண்ண வேண்டியது புதிய ஓட்டைகளை.

வழக்கமான 5 சதவீதச் சாற்றின் கணக்கு எளிது. நிழலில் உலர்த்திய வேப்பம் பருப்பு 5 கிலோவை இடித்துப் பொடியாக்கி, 10 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, அன்றே தெளித்துவிட வேண்டும். சிறிய தோட்டத்துக்கு லிட்டருக்கு 50 கிராம் பருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் தெளிப்பதற்குக் காரணம் இருக்கிறது: வெயிலின் புறஊதாக் கதிர் அசாடிராக்டினைச் சிதைத்துவிடும். இலை மேல் அதன் ஆயுள் சில நாள்களே. மழை வந்தால் அதுவும் இல்லை.

இப்போது கணக்கில் வராத செலவுகள். கொட்டையின் எடையில் ஏறத்தாழப் பாதி ஓடு. 5 கிலோ பருப்பு வேண்டுமானால் அதைப்போல் இரு மடங்கு கொட்டை பொறுக்க வேண்டும். சதையை நீக்கிக் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண நச்சோடு சேர்த்து இடித்தால் மூச்சில் போவதும் அதுதான். காற்றோடும் சாக்கில் வைத்தாலும் ஆண்டுக்கணக்கில் தாங்காது. பழைய கொட்டையில் வீரியம் போய்விடும். காரத்தன்மை மிகுந்த நீரிலும் அசாடிராக்டின் விரைவில் சிதையும். எல்லாவற்றுக்கும் மேலாக மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் அதன் அளவு மாறும். போன முறை நன்றாகக் கேட்டது, இம்முறை கேட்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் கொட்டையில் இருக்கிறது. வடிகட்டுவதிலும் அலட்சியம் கூடாது. ஒற்றைத் துணியில் வடித்துவிட்டுத் தெளிப்பானில் ஊற்றினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை முனையைக் கழற்றி ஊசியால் குத்திக்கொண்டிருந்ததில் அந்த மாலை முழுவதும் போயிற்று. அன்றிலிருந்து இரட்டைத் துணி.

இத்தனைக்கும் ஈடாக ஒரு நன்மை இருக்கிறது. 1995இல் வெளியான ஆய்வு ஒன்றில், அசுவினிக் கூட்டம் ஒன்றுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தூய அசாடிராக்டினை மட்டும் கொடுத்து வந்தார்கள். 40 தலைமுறையில் அவற்றின் தாங்குதிறன் 9 மடங்கானது. வேம்பின் முழுச் சாற்றைக் கொடுத்த கூட்டத்தில் அப்படி நேரவில்லை. சாற்றில் இருக்கும் பல பொருள்களுக்கும் ஒரே நேரத்தில் பூச்சி பழகிக்கொள்வது கடினம். கையால் இடித்த கலங்கலான சாறு, தூய்மையான புட்டியை வெல்லும் இடம் இது.

தின்ன வேண்டும் என்பதால் இலையைத் தொடாத தேனீக்கும் குளவிக்கும் இதனால் தொல்லை குறைவு. இளம் பொறிவண்டுப் புழுக்கள் பாதிக்கப்படலாம். நீர்நிலையில் கலக்க விடக் கூடாது.

## வேப்பெண்ணெய்

எண்ணெய் வேறு ஆயுதம். அதில் அசாடிராக்டின் இருந்தாலும் அளவு நிச்சயமில்லை. தெளிவாகச் சுத்திகரித்த வகைகளில் பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். எண்ணெயின் முதன்மை வேலை, மெல்லுடல் பூச்சிகளின் மூச்சுத்துளைகளை மூடித் திணறவைப்பது. எனவே அசுவினி, வெள்ளை ஈயின் இளம்பருவம், மாவுப்பூச்சி ஆகியவற்றுக்குச் சாற்றைவிட இதுவே பொருத்தம். சாம்பல் நோயையும் ஓரளவு அடக்கும். அதே நேரத்தில், எண்ணெய் படாத பூச்சி பிழைத்துக்கொள்ளும். இலையின் மேல்பக்கத்தை மட்டும் பளபளப்பாக்கிவிட்டுத் திரும்புபவர் நேரத்தையும் எண்ணெயையும் வீணடிக்கிறார்.

எண்ணெய் நீரில் தானாகக் கலக்காது. லிட்டருக்கு 20 முதல் 30 மில்லி வரை எடுத்து, முதலில் சோப்புக் கரைசலோடு நன்றாகக் குழைத்து, பால்போல வெளுத்த பிறகே நீர் சேர்க்க வேண்டும். தெளிக்கும்போது நடுநடுவே குலுக்காவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து, முதல் செடிகளுக்கு வெறும் சோப்பு நீரும் கடைசிச் செடிகளுக்குத் திக்கான எண்ணெயும் போய்ச் சேரும்.

இதன் பெரிய மறைமுகச் செலவு கருகல். கடும் வெயிலில், இளம் நாற்றில், வாடிய செடியில் எண்ணெய் தெளித்தால் இலை ஓரம் காகிதம்போலக் காயும். நான் ஒரு முறை பகல் பதினோரு மணிக்கு அவசரப்பட்டு அடித்துவிட்டு, அசுவினி செய்ததைவிட அதிக இலையை நானே கொன்றேன். கந்தகம் தெளித்த பயிரில் இரண்டு வாரம் கழியும் முன் எண்ணெய் தொடவே கூடாது. புதிய பயிருக்கு முதலில் இரண்டு இலைகளில் தெளித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மேலே போங்கள். எண்ணெய்ப் புட்டி குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது. சிறு குழந்தைகள் வேப்பெண்ணெய் குடித்தால் மூளை பாதிக்கும் அளவுக்கு நஞ்சேறும்.

## கடையில் வாங்கும் அசாடிராக்டின்

நேரமில்லாதவருக்கும், ஒவ்வொரு முறையும் ஒரே வீரியம் வேண்டும் என்பவருக்கும் இது சரி. வாங்கும்போது புட்டியின் அளவைப் பார்க்காமல் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு மருந்து) எண்ணைப் பாருங்கள். 300 பி.பி.எம். புட்டியில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.3 கிராம் அசாடிராக்டின், 1,500இல் 1.5 கிராம், 10,000இல் 10 கிராம். ஆக விலையை லிட்டருக்கு ஒப்பிடாமல் கிராமுக்கு ஒப்பிட வேண்டும். மலிவாகத் தெரியும் புட்டி பல நேரம் விலை உயர்ந்ததாக முடியும்.

இந்த மூலக்கூற்றை ஆய்வகத்தில் முழுமையாகக் கட்டியெழுப்ப 22 ஆண்டு ஆயிற்று; 2007இல்தான் கேம்பிரிட்ஜில் முடித்தார்கள். அந்தச் சிக்கலான வழியில் செய்து விற்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. கடைப் புட்டியும் வேப்பங்கொட்டையிலிருந்துதான் வருகிறது, ஆகவே அதற்கும் ஆயுள் உண்டு. தயாரித்த தேதி பழையதென்றால், வெயில் படும் அலமாரியில் நின்றிருந்தால், எழுதியிருக்கும் எண் உள்ளே இருக்கும் என்று நம்ப வேண்டாம். மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பது இதற்கும் பொருந்தும்.

## பைரெத்ரம்

செவ்வந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு வெள்ளைப் பூவின் உலர்ந்த தலையில் 1 முதல் 2 சதவீதம் வரை பைரெத்ரின் என்ற ஆறு பொருள்களின் கூட்டு இருக்கிறது. அந்தப் பூவிலிருந்து எடுக்கும் மருந்தே பைரெத்ரம். பூச்சியின் நரம்பில் சோடியம் உள்ளே நுழையும் வாயிலை மூட விடாமல் செய்கிறது. பூச்சி துடித்து விழுகிறது. பொறுக்க முடியாத நேரத்துக்கு ஏற்ற, மிக வேகமான தாவரப் பொருள் இது. பூவை வீட்டில் நீரில் ஊறவைத்தால் பைரெத்ரின் சரியாக இறங்காது. இதை வாங்கத்தான் வேண்டும்.

விழுந்ததெல்லாம் செத்தது என்று எண்ணிவிடாதீர்கள். அளவு போதாவிட்டால் சில பூச்சிகள் மயக்கம் தெளிந்து எழுந்து போகும். அதைத் தடுக்கவே பல புட்டிகளில் பைப்பெரோனில் பியூட்டாக்சைடு என்ற துணைப்பொருளைச் சேர்க்கிறார்கள். இயற்கை வேளாண் சான்றிதழ் வைத்திருப்பவருக்குப் பல விதிமுறைகளில் அது அனுமதியில்லை. வெயிலில் சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடுவதால் எச்சம் குறைவு. அதே காரணத்தால் நாளை பறந்து வரும் பூச்சிக்கு இது ஒன்றும் செய்யாது. நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பார்க்காது. மேலே பட்டால் தேனீயும் சாகும். மீனுக்குக் கடும் நஞ்சு. சுண்ணாம்பு போன்ற காரப் பொருளோடு கலந்தால் வீரியம் போய்விடும்.

அரை மணியில் பூச்சி உதிர்ந்தது என்றவரின் புட்டியைப் பற்றி எனக்கு எழும் சந்தேகம் இங்கே வருகிறது. பைரெத்ரின் என்பது பூவிலிருந்து வருவது. சைபர்மெத்ரின், பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை பைரெத்ராய்டுகள். பைரெத்ரினைப் பார்த்துத் தொழிற்சாலையில் செய்தவை. வெயிலுக்குச் சிதையாமல் தாங்க வேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்டவை. முகப்பில் பூப்படம் இருக்கலாம். உள்ளே என்ன என்பது பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கும். காய் பறிக்கும் இடைவெளி அந்தப் பெயரைப் பொறுத்தது. பூவிலிருந்து வந்ததே ஆனாலும் லேபிளில் உள்ள இடைவெளியை மீறக் கூடாது.

## பூண்டு, மிளகாய், இஞ்சிக் கரைசல்

கொல்வதைவிட விரட்டுவதே இதன் இயல்பு. நெடி போனால் வேலையும் போயிற்று. பயன் ஒரு தோட்டத்தில் தெரியும், அடுத்ததில் தெரியாது. அரைக்கும்போதும் தெளிக்கும்போதும் கண்ணெரிச்சல் உறுதி. காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள். தொட்டிச் செடிக்கு, தொடக்கநிலைத் தாக்குதலுக்குச் செய்து பார்க்கலாம். வாழ்வாதாரமாக இருக்கும் பயிரை இதை நம்பி விட மாட்டேன்.

## வேண்டாம் என்று சொல்லும் மூன்று

புகையிலைக் கரைசலை இன்னும் பலர் பரிந்துரைக்கிறார்கள். அதில் இருப்பது நிகோட்டின். தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். ஈரப் புகையிலையைப் பறிக்கும் தொழிலாளர்கள் வாந்தி மயக்கத்தில் விழுவதற்குக் காரணம் இதுதான். அதோடு புகையிலைத் தேமல் வைரஸ் தக்காளி, மிளகாய்ச் செடிகளுக்குத் தொற்றலாம். பூச்சியை ஓட்டப் போய் நோயைக் கொண்டுவரும் வேலை.

சீத்தாப்பழ விதை வலிமையான பூச்சிக்கொல்லிதான். அந்தப் பொடி கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். வீட்டு மிக்ஸியில் இடிக்கும் பொருள் அன்று.

டெர்ரிஸ் என்ற கொடியின் வேரிலிருந்து எடுக்கும் ரோட்டினோன் ஒரு காலத்தில் தோட்டக்காரர்களின் செல்லப்பிள்ளை. மீன் பிடிக்க ஆற்றில் கலந்த அதே பொருள். 2000இல் எலிகளில் பார்க்கின்சன் நோய் போன்ற அறிகுறிகளை அது உண்டாக்குவது தெரியவந்தது. பல நாடுகளில் பயிர்ப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. மூலிகை என்றால் பாதகமில்லை என்பவர்களிடம் நான் முதலில் எடுத்துச் சொல்வது இந்தக் கதையைத்தான்.

## ஒரே பார்வையில்

| பொருள் | எதற்குப் பொருத்தம் | வேகம் | இலையில் தாங்குவது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| வேப்பங்கொட்டைச் சாறு | இலை தின்னும் இளம்புழு | 3 நாளுக்கு மேல் | சில நாள் | உழைப்பு, மாறும் வீரியம் |
| வேப்பெண்ணெய் | அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி | பட்டவை ஓரிரு நாளில் | படலம் இருக்கும் வரை | இலைக் கருகல் |
| கடை அசாடிராக்டின் | இளம்புழு, உறிஞ்சிகளின் இளம்பருவம் | 3 நாளுக்கு மேல் | சில நாள் | விலை, பழைய சரக்கு |
| பைரெத்ரம் | கண்முன் இருக்கும் எல்லாப் பூச்சியும் | நிமிடங்கள் | சில மணி நேரம் | நன்மை செய்யும் பூச்சி, மீன் |
| பூண்டு–மிளகாய் | தொடக்கநிலை விரட்டல் | நிச்சயமில்லை | நெடி உள்ளவரை | அடிக்கடி தெளிப்பு, கண்ணெரிச்சல் |

## எந்த நிலையில் எது

வாரம் இரு முறை இலைகளைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு வேப்பங்கொட்டைச் சாறு போதும். முட்டைக் குவியலோ, இலையைச் சல்லடையாக்கும் பொடிப் புழுவோ கண்ணில் பட்ட அன்றைக்கே தெளித்து, ஏழு முதல் பத்து நாளில் மறுபடி தெளித்தால் பெரும்பாலும் வேறெதையும் நாட வேண்டி வராது. பார்க்க நேரமே இல்லை, பூச்சி பெருத்த பிறகுதான் தெரியவரும் என்பவர் எந்த மெதுவான மருந்தை எடுத்தாலும் அதைக் குறை சொல்லித்தான் முடிப்பார்.

வேப்பமரம் பக்கத்தில் இருந்து, பருவத்தில் கொட்டை பொறுக்க ஆளும் இருந்தால் சாறு. பரப்பு பெரிது, ஆள் இல்லை என்றால் 10,000 பி.பி.எம். புட்டி. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதில் தவறில்லை.

நுனிக்கொழுந்தில் அசுவினி அப்பியிருந்தால் முதலில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி உதிர்த்துவிட்டு, மறுநாள் மாலை எண்ணெய். எறும்பு ஏறிக்கொண்டிருந்தால் அதையும் தடுங்கள். அசுவினிக்குக் காவல் நிற்பது அதுதான்.

பூத்திருக்கும் பயிர் என்றால் பைரெத்ரமோ எண்ணெயோ, தேனீ அடங்கிய அந்திக்குப் பிறகுதான். குளக்கரைத் தோட்டத்தில் பைரெத்ரம் வேண்டவே வேண்டாம். அறுவடைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெரிய புழுக்கள் கண்ணில் பட்டால், எதையும் தெளிக்காமல் கையால் பொறுக்கி சோப்பு நீரில் போடுவதை நான் தேர்ந்தெடுப்பேன். ஒரு மணி நேர வேலை. எச்சம் பற்றிய கவலை இல்லை.

காய்ப்புழுவும் தண்டுத் துளைப்பானும் உள்ளே போய்விட்டால் மேற்கண்ட ஐந்தில் எதுவும் எட்டாது. துளையும் ஈரமான எச்சமும் தெரியும் காயைப் பறித்து, வரப்பில் எறியாமல் நசுக்குங்கள்; வாடிய நுனியைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். தெளிப்பதற்கான நாள் அந்துப்பூச்சி முட்டையிடத் தொடங்கும் நாள். அதை, பெண் அந்தின் மணத்தை வைத்து ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் விழும் ஆண் அந்துகள் காட்டிக்கொடுக்கும். பொறியில் எண்ணிக்கை ஏறத் தொடங்கிய வாரத்தில் கொட்டையை ஊறவையுங்கள்.